ஒரு பதிவுக்குப் பத்து வருடமா? மதநிந்தனை என்று சிறைப்பட்டவர்களைப் பற்றி ஒரு பதில்

நமது திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கூட்டாளி இன்னொரு சமயத்தைக் கேலி செய்யும் படமொன்றை பேஸ்புக்கில் பகிர்ந்துவிட்டாராம். "பத்து வருடம் உள்ளே போவாய்" என்று ஊரில் பயமுறுத்துகிறார்களாம். இதெல்லாம் பாகிஸ்தானில்தானே, நம் நாட்டிலும் உண்டா? அப்படி உள்ளே போனவர்கள் யார்? கடைசியாக ஒரு கேள்வி: நம் சமயத்தை இழிவுபடுத்துகிறவனைப் பிடித்து அடைக்க ஒரு சட்டம் இருப்பது நல்லதுதானே?

கடைசிக் கேள்விதான் கனமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மற்றவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

மதநிந்தனைச் சட்டம் என்ற பெயரில் இலங்கையில் ஒரு சட்டம் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யும் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றால் சிறைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். பத்து வருடம் என்று சொன்னவர் சும்மா சொல்லவில்லை. அந்த இலக்கம் சட்டத்தில் இருக்கிறது.

நம்முடைய தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. 1860இல் இந்தியாவுக்காக ஆங்கிலேயர் எழுதிய கோவையைப் பார்த்து அமைக்கப்பட்டது. பாகிஸ்தானின் கோவையும் அதே 1860 கோவைதான். ஆகவே இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நமது 290ஆம் பிரிவு வணக்கத் தலத்தைச் சேதப்படுத்துவது, தீட்டுப்படுத்துவது பற்றியது. 291 சமயக் கூட்டத்தைக் குழப்புவது பற்றியது. 291அ, சமய உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசுவது. உச்சம் ஒரு வருடம். 291ஆ, ஒரு சமயத்தை அவமதித்து அதைப் பின்பற்றுவோரின் உணர்வைத் தீய நோக்கோடு கிளறுவது. உச்சம் இரண்டு வருடம். இந்தப் பிரிவுகளின் உயிர் நோக்கத்தில் இருக்கிறது. வேண்டுமென்றே செய்தார் என்று அரச தரப்பு நிரூபிக்க வேண்டும். தெரியாமல் செய்தது, தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது, கதைக்காக எழுதியது எல்லாம் இதற்குள் வரக் கூடாது.

பத்து வருடம் வருவது வேறொரு சட்டத்திலிருந்து. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980இல் இணைந்தது. அதற்கு உள்நாட்டில் செயல்வடிவம் கொடுப்பதாகச் சொல்லி 2007இல் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பத்திரிகைகளில் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று போடுவது இதைத்தான். அதன் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் அளவுக்கு இன, மத வெறுப்பைப் பரப்புவதைத் தடை செய்கிறது. கும்பலைத் திரட்டி அடுத்த தெருவைக் கொளுத்தச் சொல்கிறவனை நிறுத்துவதற்கு உரிய பிரிவு அது. தண்டனை பத்து வருடம் வரை கடூழியச் சிறை. அதைவிடப் பாரதூரமாக இருந்தது 2007இல் எழுதிய பிணை விதி: நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விசேட காரணம் காட்டினால்.

உரிமைகளைக் காப்பதற்கென்று வந்த ஒரு சட்டத்தால் ஓர் எழுத்தாளரையும் ஓர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரையும் ஒரு ஏழைப் பெண்ணையும் அடைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எழுத்தாளர் சக்திக சத்குமார. சிங்களத்தில் எழுதுகிறவர், விருது வாங்கியவர். விகாரைக்குள் நடக்கும் துஷ்பிரயோகத்தைக் கோடிகாட்டும் ஒரு சிறுகதையை பேஸ்புக்கில் போட்டார். பிக்குகள் முறைப்பாடு செய்தார்கள். 2019 ஏப்ரல் 1ஆம் திகதி பொல்கஹவெல பொலிஸார் கைது செய்தார்கள். ஓகஸ்ட் 5இல்தான் பிணை. நான்கு மாதம் உள்ளே இருந்தார். 2021 பெப்ரவரியில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் எவரையும் அடிக்கச் சொல்லவில்லை, எந்த இனத்தையும் பகைக்கச் சொல்லவில்லை. ஒரு கதை எழுதினார், அவ்வளவுதான்.

அதே வருடம் மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம், ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடுத்திருந்த உடையில் இருந்த சக்கரம் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று குற்றச்சாட்டு. அது கப்பலின் சுக்கான் சக்கரம். துறைமுகப் பட்டினத்தில் பிறந்த நமக்கு அந்த வித்தியாசத்தை எவரும் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. உள்துறைமுகத்துப் பக்கம் போகும் சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பெண் இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். தண்டனைக் கோவையின் சமயப் பிரிவுகளோடு இந்தச் சட்டமும் சேர்த்துப் போடப்பட்டிருந்தது. யோசித்துப் பாருங்கள்: கடையில் துணி எடுக்கும்போது சமயத்தை அவமதிக்கும் நோக்கம் எங்கிருந்து வரும்? நோக்கத்தை நிரூபிக்கும் கட்டத்துக்கே வழக்கு போகவில்லை. அதற்கு முன்பே அவர் சிறையைப் பார்த்துவிட்டார்.

ரம்ஸி ராஸிக் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் கணினியாலும் எதிர்கொள்ள வேண்டும், அது ஒரு கருத்தியல் ஜிஹாத் என்று 2020 ஏப்ரல் 2ஆம் திகதி எழுதினார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 9ஆம் திகதி கைது செய்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து செப்டெம்பர் 17இல் பிணையில் வந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. நீதி கிடைத்தது, உண்மைதான். மூன்றரை வருடம் கழித்துக் கிடைத்தது.

மன்னார் மாவட்டத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் கதை சட்டத்தால் வேறு, வலியால் ஒன்று. தமிழில் எழுதிய 'நவரசம்' என்ற கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்த நூலுக்குள் இருந்தன. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை.

2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய புத்தரின் சிறுபராயத்தைத் தொட்டுப் பேசியதற்காக விமான நிலையத்தில் கைதானார். ஜூலை 5இல் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. வெறுப்பைத் தூண்டும் குற்றத்துக்கு வேண்டிய கூறுகள் அந்தப் பேச்சில் தென்படவில்லை என்பதையும் சொன்னது. அந்தக் கட்டளையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். புண்படுத்துவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு என்ற கோடு நமது நீதிமன்றத்திலேயே கீறப்பட்டிருக்கிறது. உங்கள் கூட்டாளிக்காக நிற்கப்போகும் சட்டத்தரணி அதைக் கையில் எடுக்க வேண்டும்.

"பொதுபல சேனாவின் ஞானசார தேரருக்கும் தண்டனை கிடைத்ததே" என்று நீங்கள் கேட்கலாம். கிடைத்தது. இஸ்லாத்தை அவமதித்த பேச்சுக்காக 2024 மார்ச்சில் நான்கு வருடம், 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் ஒன்பது மாதம். இரண்டும் 2016இல் பேசிய பேச்சுகள். எட்டு, ஒன்பது வருடம் கழித்துத் தண்டனை. ராஸிக்கை ஒரே வாரத்தில் தூக்கினார்கள். சட்டம் இருபக்கமும் வெட்டும் என்று சொல்கிறவர்கள், ஒரு பக்கம் எவ்வளவு வேகமாக வெட்டுகிறது, மறுபக்கம் எவ்வளவு மெதுவாக வெட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமது மாவட்டத்துக்கே வருவோம். 2024 மே மாதம் சம்பூர்ப் பக்கத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறினார்கள் என்று நான்கு பேரைப் பிடித்தார்கள். மூவர் பெண்கள். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து ஒரு கோப்பை கஞ்சி. அதற்கும் இதே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் காட்டினார்கள். அங்கே சமயமே இல்லை. வெறுப்பைத் தடுக்கவென்று வைத்த பிரிவு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே கிடக்கும் சான்று இது.

பாகிஸ்தானின் நிலை பல மடங்கு பயங்கரம். ஆனால் காரியம் நடக்கும் முறை ஒன்றுதான், அதனால்தான் அதை விரித்துச் சொல்கிறேன். அங்கே 1982இல் 295-பி வந்தது. குர்ஆனை அவமதித்தால் ஆயுள் சிறை. 1986இல் 295-சி; நபிகளை அவமதித்தால் மரணம் அல்லது ஆயுள். பிறகு ஷரீஆ நீதிமன்றத்தின் தீர்ப்பால் மரண தண்டனையே கட்டாயமானது. பழைய ஆங்கிலேயப் பிரிவில் இருந்த "வேண்டுமென்றே, தீய நோக்கோடு" என்ற நிபந்தனை 295-சியில் கிடையாது. நேராகவோ மறைமுகமாகவோ சாடையாகவோ சொன்னாலும் குற்றம். அந்த ஒரு நிபந்தனையை எடுத்ததும் என்ன நடந்தது என்பதற்கு ஆசியா பீபி சாட்சி. பஞ்சாபில் வயலில் கூலிவேலை செய்த கிறிஸ்தவப் பெண். 2009இல் தண்ணீர்க் குவளையில் தொடங்கிய வாய்த்தர்க்கம். கிறிஸ்தவப் பெண் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். சாதி பார்த்துச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றிய ஊர்களில் பிறந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமில்லை. 2010இல் மரண தண்டனை. 2018 ஒக்டோபர் 31இல் விடுதலை. 2009இல் கைதானது முதல் ஒன்பது வருடத்துக்கு மேல் சிறை. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்ப்பாதுகாவலனே சுட்டுக் கொன்றான். சிறுபான்மை அமைச்சர் ஷாபாஸ் பட்டியை மார்ச்சில் கொன்றார்கள்.

ஜுனைத் ஹபீஸ் முல்தான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பித்த இளம் விரிவுரையாளர். 2013 மார்ச்சில் கைது. அவருக்காக நின்ற சட்டத்தரணி ராஷித் ரெஹ்மானை 2014 மே மாதம் அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டார்கள். 2019 டிசம்பரில் ஹபீஸுக்கு மரண தண்டனை. வருடக் கணக்காகத் தனிமைச் சிறை. சட்டத்தரணியையே கொல்கிறார்கள் என்றால், விடுதலை செய்யத் துணியும் நீதிபதி எங்கிருந்து வருவார்? பாகிஸ்தானில் இந்தக் குற்றத்துக்காக அரசு இதுவரை எவரையும் தூக்கிலிடவில்லை. அதில் ஆறுதல்பட ஒன்றுமில்லை. தூக்கிலிடவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். வஜீஹுல் ஹஸன் என்பவர் பதினெட்டு வருடம் உள்ளே கிடந்து 2019இல் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். ஷகுப்தா கவ்ஸர், ஷஃப்கத் இம்மானுவேல் என்ற ஏழைத் தம்பதி ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள் என்று குற்றச்சாட்டு. தங்களுக்கு அப்படி எழுதத் தெரியாது என்று சொல்லிச் சொல்லி 2021 வரை, ஏறக்குறைய எட்டு வருடம். இப்போது வாட்ஸ்அப், பேஸ்புக் குழுக்களுக்குள் இளைஞர்களை இழுத்து மாட்டிவிடுவது அங்கே ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 2024 ஜூலையில் 767 பேர் இந்தக் குற்றச்சாட்டில் சிறைகளில் இருந்ததாக அந்நாட்டின் மனித உரிமை ஆணைக்குழுவே சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இளைஞர்கள், அவர்களில் மிகப் பலர் முஸ்லிம்கள்.

சியால்கோட்டில் 2021 டிசம்பர் 3ஆம் திகதி கொல்லப்பட்ட பிரியந்த குமாரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டவர், அங்கே தொழிற்சாலை முகாமையாளர். சமய வாசகம் எழுதிய சுவரொட்டியைக் கிழித்தார் என்ற பேச்சு பரவியதும் கும்பல் அடித்துக் கொன்று எரித்தது. அவரைக் காப்பாற்ற முன்னால் நின்றவரும் ஒரு பாகிஸ்தானிய முஸ்லிம்தான். அந்த மனிதர் தனியாக நின்றார்; எதிரே நூற்றுக்கணக்கானோர்.

இது முஸ்லிம் நாடுகளின் பிரச்சினை மட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். பௌத்த மியன்மாரில் ஹெட்போன் போட்ட புத்தர் படத்தை மதுச்சாலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ஒரு நியூசிலாந்துக்காரருக்கும் இரண்டு மியன்மார்க்காரர்களுக்கும் 2015இல் இரண்டரை வருடம் கொடுத்தார்கள். இந்தோனேசியாவில் மெய்லியானா என்ற சீன வம்சாவளிப் பௌத்தப் பெண் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் சத்தம் கூடிவிட்டது என்று முறையிட்டதற்காக 2018இல் பதினெட்டு மாதச் சிறை பெற்றார். ஒலிபெருக்கி! கோயில் திருவிழா, பள்ளி, விகாரை, தேவாலயம் நாலும் ஒரே வீதியில் இருக்கும் நமது ஊரில் அந்த முறைப்பாட்டைச் சொல்லாத வீடு உண்டா? நைஜீரியாவில் கடவுள் மறுப்பாளர் முபாரக் பாலாவுக்கு பேஸ்புக் பதிவுகளுக்காக 2022இல் 24 வருடம் விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு 2025 ஜனவரியில் வெளியே வந்தார். சவூதியில் வலைப்பதிவர் ராயிஃப் பதாவி பத்து வருடச் சிறையோடு ஆயிரம் கசையடி என்று தீர்க்கப்பட்டவர். 2022இல் சிறையை விட்டாலும் நாட்டை விட்டுப் போகத் தடை.

மூதூர், கிண்ணியா, தோப்பூரிலிருந்து வளைகுடாவுக்குப் போயிருக்கும் பிள்ளைகள் கொஞ்சப் பேர் இல்லை. அவர்கள் அங்கே ஃபோனில் பகிரும் ஒவ்வொன்றுக்கும் அந்த நாட்டுச் சட்டம்தான் அளவுகோல். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய் மரண தண்டனை பெற்ற மூதூர் ரிசானா நபீக்கின் வழக்கு மதநிந்தனை வழக்கல்ல, வேறு. ஆனால் மொழி விளங்காத நாட்டில், ஒழுங்கான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுத்த ஒரு வாக்குமூலம் ஓர் உயிரை 2013 ஜனவரியில் எப்படி எடுத்தது என்பதை இந்த மாவட்டம் அறியும். அதை ஞாபகத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. சமய உணர்வு புண்படுவது என்றால் என்ன என்று திருகோணமலையில் எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்ததும் அந்தக் கல் கோட்டைக்குப் போனதும் நானூறு வருடம் ஆகியும் ஆறவில்லை. 2005 மே மாதம் பஸ் நிலையத்தடியில் இரவோடிரவாகப் புத்தர் சிலை எழுந்தபோது கடைகள் பூட்டிக் கர்த்தால் நடந்தது. 2018இல் நகரத்து மகளிர் கல்லூரி ஒன்றில் ஆசிரியைகளின் அபாயா பிரச்சினையானபோது தமிழரும் முஸ்லிமும் இரு பக்கமும் நின்று, இரு பக்கமும் உண்மையாகவே புண்பட்டார்கள். அந்த நாட்களில் "உணர்வு புண்பட்டது" என்று முறைப்பாடு கொடுத்தாலே கைது, பிணை இல்லை என்ற நிலை முழுமையாக இருந்திருந்தால் யார் உள்ளே போயிருப்பார்கள்? என் பதில்: ஆசிரியைகளும் பழைய மாணவிகளும் போயிருப்பார்கள். சிலை வைத்தவர்கள் போயிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் இந்தச் சட்டங்களில் தீர்ப்பு நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. பொலிஸ் நிலைய வாசலில் தொடங்குகிறது. அங்கே எத்தனை பேர் திரண்டு நிற்கிறார்கள், எவ்வளவு பெரிய ஆள் ஃபோன் எடுக்கிறார் என்பதுதான் கைதைத் தீர்மானிக்கிறது. சத்குமார, ராஸிக், ஹசலக்கப் பெண், ஆசியா பீபி எல்லோரும் கடைசியில் வெளியே வந்தவர்கள். ஆனால் சிறையை முழுசாக அனுபவித்துவிட்டு வந்தவர்கள். தொகையில் சிறியவர்களான நாம் இப்படியொரு சட்டத்தை விரும்புவது நம் வீட்டுத் திறப்பைப் பெரிய வீட்டுக்காரனிடம் கொடுத்து வைப்பது போன்றது. கோயிலை உடைத்தவனை, பள்ளியைக் கொளுத்தியவனை, அடிக்கச் சொல்லிக் கூட்டத்தை ஏவியவனைத் தண்டியுங்கள். அதற்குப் பிரிவுகள் போதுமான அளவு இருக்கின்றன. சொல்லுக்காக மட்டும் ஒருவரை அடைப்பதை நான் எதிர்க்கிறேன், அந்தச் சொல் என் சமயத்தைக் குத்தினாலும். இங்கிலாந்து 2008இலும் அயர்லாந்து 2018இல் மக்கள் வாக்கெடுப்பு வைத்தும் தங்கள் மதநிந்தனைச் சட்டத்தை எடுத்துவிட்டன. அங்கே தேவாலயங்கள் இடிந்து விழவில்லை. சமவாயத்துக்குப் பொறுப்பான ஐ.நா. குழுவும் 2011இலேயே, வன்முறையைத் தூண்டும் வெறுப்பைத் தவிர மற்றபடி மதநிந்தனைத் தடைகள் சமவாயத்துக்கு ஒவ்வாதவை என்று சொல்லிவிட்டது.

உங்கள் கூட்டாளியின் விஷயம். பகிர்ந்தது கூடாத காரியம்; சம்பந்தப்பட்டவர்களிடம் மனம் வருந்துவதாகச் சொன்னால் நல்லது, அதை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொன்னால் இன்னும் நல்லது. படத்தை நீக்குவதற்கு முன் அதையும் கீழே வந்த மிரட்டல்களையும் திகதியோடு படம்பிடித்து வைக்கச் சொல்லுங்கள். தான் என்ன எழுதினான், என்ன எழுதவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் சமய உணர்வைப் புண்படுத்தும் பொய்க் கூற்றுக்குத் தனிக் குற்றம் இருப்பதால், இனிமேல் எதையும் பகிரும் முன் யோசிக்கச் சொல்லுங்கள்.

பொலிஸ் கூப்பிட்டால் தனியே போக விடாதீர்கள், சட்டத்தரணியோடு போகட்டும். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்கலாம். தமிழ் அரசகரும மொழி. சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 291அ என்றால் ஒரு பாதை, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு என்றால் வேறு பாதை; பிணை மனுவை எந்த நீதிமன்றத்தில் போடுவது என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் போவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அந்த விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலை நகரத்திலேயே இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.